மார்லூசி அக்காவும் ஜீரோ தகடும்

மார்லூசி அக்காவைப் பற்றிக் கேட்டால், பிரேசிலில் இருக்கும் எங்கள் திவினோபொலிஸ் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள் இன்றைக்கும் அவளைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். என் கதை வேறு. ஒன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே அவளோடு குப்பை கொட்டியவன் நான். அவள் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவனும் நான்தான். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கொஞ்சம் அதிகம்.

எங்களுடையது ரயில் சக்கரங்களைச் சோதிக்கும் சின்னக் கூடம். மலையிலிருந்து இரும்புத் தாது இறக்கும் வண்டிகளின் சக்கரங்கள். ஆலையில் சக்கரத்தைக் காய்ச்சி, விளிம்பில் தண்ணீர் பீய்ச்சி ஆற்றும்போது, விளிம்புக்குள் ஓர் இறுக்கம் தங்கிப்போகும். அது நல்ல இறுக்கம். இரும்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விரிசல் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளும். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறினால் அதுவே தலைகீழாகி, விளிம்பை இழுக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒருநாள் ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரம் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அறுத்த சக்கரத்தை எந்த மடையன் வண்டியில் மாட்டுவான்?

அறுக்காமல் தெரிந்துகொள்ளத்தான் மீயொலி. காதுக்குக் கேட்காத ஒலியை விளிம்பில் ஓடவிட்டால், அமுங்கிய இரும்பில் அது துளி வேகமாக ஓடும், இழுபட்ட இரும்பில் துளி மெதுவாக ஓடும். துளி என்றால் எவ்வளவு? ஒரு நொடியை ஒரு கோடித் துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டுகூட வராது. அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது என் வேலை. எண்ணெய் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் புரோபை வைத்து, நேரத்தை அளப்பேன்.

அக்கா ஒன்றையும் அளக்க மாட்டாள். சக்கரம் ஆலையில் எப்படிச் சூடானது, எப்படி ஆறியது என்பதில் தொடங்கி, அதற்குள் ஒலி எந்தப் பக்கம் போகும், எத்தனை நேரத்தில் போய்ச் சேரும் என்பதுவரை கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிடுவாள். சிமுலேஷன் என்று அதற்குப் பெயர். நான் 'மாயச் சக்கரம்' என்பேன். ஒரு சக்கரத்துக்கு நான்கு நாள் கணினி ஓடும். ஒருமுறை தரை துடைக்க வந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட, மூன்றாம் நாள் கணக்கு போய்விட்டது. மறுநாளே அக்கா அந்தப் பிளக்குக்கு மேலே புனித ரீத்தாவின் படத்தை ஒட்டினாள். சாமி காலடியில் கை வைக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்?

பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலக் கல்லூரியில் பொறியியல் படித்து, நாற்பத்து நான்கு வயதில் எங்கள் கூடத்துக்கு வந்தவள். வந்த அன்றே என் அளவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துச் சிவப்பு மையில் நான்கு இடம் சுழித்தாள். காபியில் சர்க்கரை போட மாட்டாள். எங்கள் மினாஸ் மாநிலத்தில் பிறந்தவள் சர்க்கரை போடாமல் காபி குடித்தால் எங்கள் வழக்கப்படி உடம்புக்கு ஏதோ இருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் இல்லை, வெறும் பிடிவாதம்.

"அக்கா, உங்க மாயச் சக்கரத்துல எப்பவாவது துரு பிடிக்குமா?" என்று சீண்டுவேன்.

"பிடிக்காது. உன் மூளையிலதான் பிடிச்சிருக்கு. போய் எண்ணெய் போடு."

இப்படி ஒன்பது வருடம். சண்டை போட்டாலும் அவள் கணக்கும் என் அளவும் பொருந்தித்தான் வந்தன. போன ஜூன்வரை.

ஜூன் கடைசியில் புனித யோவான் திருநாள் வந்தது. வருடா வருடம் கூடத்துக்குப் பின்னால் காலி மைதானத்தில் நெருப்பு மூட்டி, இஞ்சியும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய கரும்புச் சாராயமும், சோளமும், கறியுமாகக் கொண்டாடுவோம். கறி சுடும் பொறுப்பு எப்போதும் எனக்கு. இந்த முறை சுடுகிற தகட்டை ஒரு மாதம் முன்னால் கோயில்காரர்கள் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. நாற்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். கங்கு தகதகவென்று எரிகிறது. பன்றி சாசேஜ் கூடையில் கிடக்கிறது. நான் என்ன செய்வேன்? உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன்.

அந்த அலமாரியில்தான் ஜீரோ தகடு இருக்கும். சக்கரத்துக்குப் போடும் அதே எஃகு. அரை மீட்டர் நீளம், இரண்டு விரல் கனம். இரண்டு நாள் உலையில் வைத்து, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டு, உள்ளே ஒரு சொட்டு இறுக்கம்கூட இல்லாமல் செய்தது. அதில் ஒலி ஓடும் நேரம்தான் எங்களுக்கு ஜீரோ. எந்தச் சக்கரத்தை அளந்தாலும் இதைவிட வேகமா, மெதுவா என்றுதான் பார்ப்போம். எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருப்போம். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிச் சுற்றி வைத்ததில்லை.

'இரும்புதானே, கழுவி வைத்தால் போச்சு' என்று எடுத்துக்கொண்டு போனேன். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் நான். இரண்டு குவளை சாராயம் உள்ளே போயிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சாசேஜ் எங்கள் ஊரில் யாரும் சுட்டதில்லை. தட்டையான தகடு, எங்கும் கருகவில்லை. எங்கள் கூடத்து டைரக்டர் டாக்டர் ஒடிலோன் ஐந்து தின்றார். மார்லூசி அக்கா மூன்று தின்றுவிட்டு, "அடெல்மோ, உனக்கு இந்த வேலைதான்டா சரி. புரோபைத் தூக்கிப் போட்டுட்டு இதையே பாரு" என்றாள். கறி தீர்ந்ததும் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைத் தகட்டின் தலையில் ஊற்றினேன். ஸ்ஸ்ஸ் என்று ஆவி கிளம்ப, யோவான் திருநாளில் தகட்டுக்கே ஞானஸ்நானம் ஆச்சு என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் போதை இறங்கிப் போய்ப் பார்த்தால் தகடு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. எமரித் தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, எண்ணெய் பூசி, பழையபடி தாளில் சுற்றி வைத்துவிட்டேன். பழைய தகடு மாதிரியேதான் இருந்தது.

திங்கட்கிழமை ஆரம்பித்தது வினை. புதுச் சக்கரம் ஒன்றை அளந்தேன். அக்கா சொன்ன நேரத்தைவிட முப்பது நானோ நொடி அதிகம் காட்டியது. அடுத்ததும் முப்பது. அதற்கடுத்ததும் முப்பது. ஆலையிலிருந்து நேராக வந்த நல்ல சக்கரமெல்லாம் இழுபட்டுப் பிளக்கப் போகிற கிழட்டுச் சக்கரம் போலக் கருவி சொன்னது. அக்காவின் கணக்கு மட்டும், இல்லை, நல்ல சக்கரம் என்றது.

யாரை நம்புவார்கள்? கருவி கண்ணுக்குத் தெரிகிறது. நானும் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் நிற்கிறேன். அக்காவிடம் இருப்பது ஒரு திரையும் புனித ரீத்தாவும்.

மூன்று வாரம் பொறுத்துவிட்டு டாக்டர் ஒடிலோன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இந்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை ரயில்வேயிலிருந்து ஜெனேசியோ வர்றார். அவர் முன்னால ஒரு புதுச் சக்கரத்தை அளக்கப் போறோம். அளந்த கையோட அதை அறுத்தும் பாக்கப் போறோம். அன்னிக்கும் உங்க கணக்கு பொருந்தலைன்னா, மன்னிச்சுக்கோங்கம்மா, சிமுலேஷன் பிரிவை மூடிடுறேன். முன் அறையில சான்றிதழ் அச்சடிக்க ஆள் வேணும். அங்க உக்காந்துக்கலாம்."

ஒன்பது வருடத்தில் அக்கா பதில் பேசாமல் ஓர் அறையை விட்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. எல்லாச் சக்கரமும் ஒரே அளவு தப்புகிறது என்றால் தப்பு சக்கரத்தில் இல்லை. சூட்டில் தண்ணீர் பட்டதும் தகட்டின் மேல்தோல் அமுங்கி இறுகிவிட்டது. அதில் ஒலி வேகமாக ஓடுகிறது. ஜீரோவே ஓட ஆரம்பித்துவிட்டால் மற்றதெல்லாம் மெதுவாகத்தானே தெரியும்! புரிந்து என்ன பிரயோஜனம்? திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது. ஜீரோ தகட்டில் கறி சுட்டவனை எந்தச் சோதனைக்கூடம் வைத்துக்கொள்ளும்?

அடுத்த திங்கள் அக்கா என் மேசைக்கு வந்தாள்.

"ஜீரோ தகட்டை எடு. அளக்கணும்."

"அதை எதுக்குக்கா அளக்கறது? தராசையே யாராவது எடை போடுவாங்களா?"

"நான் போடுவேன். எடு."

"புரோப் சூடா இருக்கு. நாளைக்கு…"

"அடெல்மோ, எடுடா."

எடுத்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருபது இடத்தில் அளக்கச் சொன்னாள். ஜூலைக் குளிரில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. இருபது இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். வந்ததோ நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் கதவு திறக்கவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கையில் ஒரு தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தாளில் தகட்டின் படம் வண்ணம் வண்ணமாக இருந்தது. நடுவே சிவப்பு, ஒரு பக்க ஓரம் மட்டும் நீலம்.

"இது என்ன தெரியுதா?"

"தெரியலக்கா."

"எந்தச் சூடு குடுத்தா உன்னோட இருபது எண்ணும் வரும்னு தேடினேன். கீழேருந்து சூடு. முந்நூத்தம்பது டிகிரி. நாப்பது நிமிஷம். அப்புறம் மேலேருந்து திடீர்னு தண்ணி." விரலை நீல ஓரத்தில் வைத்தாள். "இந்தப் பக்கம் மட்டும் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்திருக்கு."

அந்த ஓரத்தில்தான் நான் வெங்காயத்தை வைத்திருந்தேன், கருகாமல் இருக்கட்டும் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மார்லூசி அக்காவின் கணக்கில் மறைக்க முடியாது.

"அக்கா…"

"மூணு தின்னேன்டா நான்," என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு. அதான் இன்னும் எரிச்சலா வருது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். புதிதாக ஜீரோ செய்ய உலையில் இரண்டு நாள், அதற்கு முன் உலைக்காரனிடம் முறை வாங்கிக் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கு நடக்காது. "அந்த முப்பதை மட்டும் கழிச்சுப் போட்டுடுங்கக்கா. ரெண்டும் பொருந்திடும். யாருக்கும் தெரியாது."

"ஏன் கழிச்சீங்கன்னு ஜெனேசியோ கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

நான் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"பொய் சொல்ல எனக்கு வராது. உன்னைக் காட்டிக் குடுக்கவும் மாட்டேன். கழிக்காமலே விட்டுடறேன்." எழுந்து தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "முன் அறையில வெயில் நல்லா வரும். பரவாயில்ல."

சாபம் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஜெனேசியோ வந்தார். முப்பத்தைந்து வருடம் ரயில்வே பட்டறையில் காய்ந்த பெரியவர், பேச்சு குறைவு. அவர் முன்னால் அளந்தேன். அதே முப்பது. கருவிப்படி சக்கரத்தின் விளிம்பு இழுபட்டிருக்கிறது. அக்காவின் தாளின்படி அமுங்கியிருக்கிறது. டாக்டர் ஒடிலோன் பெருமூச்சு விட்டு, "இதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும்மா?" என்று அவள் பக்கம் திரும்பினார்.

அக்கா தலையை ஆட்டினாள். நல்ல நீல உடுப்பு போட்டு வந்திருந்தாள், திருவிழாவுக்குப் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், தப்பு அவங்க கணக்குல இல்ல. ஜீரோவுலதான். நான் அந்தத் தகட்டுல கறி சுட்டுட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எதுல?"

"ஜீரோ தகட்டுல. யோவான் திருநாள் அன்னிக்கு. நீங்க அஞ்சு சாப்பிட்டீங்க டாக்டர்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் முகம் கங்காகச் சிவந்துவிட்டது. பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினேன். சூடு, நிமிடம், தண்ணீர், வெங்காய ஓரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் நம்பவில்லை.

"ஒன்பது வருஷ சிநேகிதம்! அந்தம்மா வேலையைக் காப்பாத்த ரெண்டு பேருமாச் சேந்து கதை கட்டறீங்க. நேத்தே அச்சடிச்சுப் பையில வச்சிருக்கான் பாருங்க. அடெல்மோ, கறியாம், சாசேஜாம். என்னை என்ன கேனையன்னு நினைச்சியா?"

சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்றாகிவிட்டது. இப்போது அக்காவோடு சேர்ந்து நானும் தெருவுக்குத்தான் என்று தெரிந்தது. ஜெனேசியோ தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"அம்மா, அறுத்தா என்ன ஆகும்?"

"வெட்டின வாய் மூடும்," என்றாள் அக்கா. "ஒரு மில்லிமீட்டர்."

"கருவி சொல்றது சரின்னா?"

"விரியும்."

"அப்புறம் எதுக்குச் சண்டை? ரம்பம் சொல்லட்டும்."

கையுறையை மாட்டிக்கொண்டு அவரே ரம்பத்தைப் பிடித்தார். சக்கரத்தை முற்றத்தில் படுக்க வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அறுக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. நான் ரம்பத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை அறையில் மேற்பார்வை பார்க்கும் வாத்தியாரம்மா போல நிமிர்ந்து நின்றாள். துளிகூட அசையவில்லை. இவளுக்குப் பயம் என்பதே கிடையாதா என்று நினைத்தேன்.

நான்கு விரல் ஆழம் போயிருக்கும். மோட்டார் முனகியது. ரம்பம் தடுமாறி நின்றுவிட்டது. ஜெனேசியோ இழுத்துப் பார்த்தார், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார், அப்போதும் வரவில்லை.

"கடிச்சிடுச்சு!" என்று கத்தினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. "வாய் மூடிக் கடிச்சிடுச்சு!"

முற்றமே ஆர்ப்பரித்தது. டாக்டர் ஒடிலோன் ஓடிப்போய் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெட்டுவாய் ஒரு மில்லிக்கு ஒரு முடி குறைவாக மூடியிருந்தது. நான் அக்காவைத் தூக்கிச் சுற்றப் போகிறவன் போலத் திரும்பினேன். ஆளைக் காணவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னக்கா இது? ஜெயிச்சிட்டீங்க! எதுக்கு அழறீங்க?"

"எனக்குத் தெரியாதுடா," என்றாள்.

"எது தெரியாது?"

"மூடும்னு." மூக்கை உறிஞ்சினாள். "இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட எனக்கு நிச்சயமாத் தெரியாது. என் கணக்கும் உன் அளவும் பொருந்தறப்பல்லாம், ரெண்டு பேரும் சேந்து தப்பாப் போறோமோன்னு வீட்டுக்குப் போய் யோசிப்பேன். கண்ணால பாத்தது இன்னிக்குத்தான். தெரிஞ்ச மாதிரியே பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்டா."

ஒன்பது வருடம் மாயச் சக்கரம் என்று சீண்டியபோதெல்லாம் அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கறி சுட்டதைவிட அதிக வெட்கம். கைக்குட்டையை நீட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த கைக்குட்டை. அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் டாக்டர் ஒடிலோன் என் பெயரைச் சொல்லிக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். நல்லதற்குக் கூப்பிடுகிற குரல் இல்லை அது.

"போகணும்க்கா."

"கத்தட்டும். நானும் வர்றேன்," என்றாள் அக்கா. "கொஞ்சம் இரு. கண்ணு சிவப்பு போகட்டும்."

இருந்தேன்.